முதலில் பேசுபவரும் பேசாமல் போவோரும்

கோயம்புத்தூர்ப் பகுதியில் உள்ள ஒரு பம்ப் தயாரிப்பு ஆலையில், காலை எட்டரை மணிக்கு நடக்கும் உற்பத்தி ஆய்வுக் கூட்டத்தில் பார்வையாளனாக உட்கார்ந்திருந்தேன். (யாரையும் அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியே எழுதுகிறேன்.) தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் சேர்ந்து இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்த ஒரு பெண் பொறியாளர், இரவு ஷிஃப்ட்டில் வந்த வார்ப்பு ஒன்றை மேசைமேல் வைத்து, "சார், இந்த லாட்டுல ஓட்டை கொஞ்சம்…" என்று தொடங்கினார். உற்பத்தி மேலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடியே, "அது எனக்குத் தெரியும்மா. லோடு எத்தனை மணிக்குக் கிளம்புது, அதைச் சொல்லு" என்றார். அவரும் நேரத்தைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். வார்ப்பு மேசையிலேயே கிடந்தது. கூட்டம் முடிந்தபின் தேநீர்க் குவளைகளை எடுக்க வந்தவர் அதை ஓரமாக நகர்த்திவிட்டு மேசையைத் துடைத்தார்.

அந்த மேலாளரைக் கொடுமைக்காரர் என்று சொன்னால் அது பெரும் பிழை. நள்ளிரவில் லைன் நின்றுபோனால் வீட்டிலிருந்து முதலில் ஓடி வருபவர் அவர்தான். தொழிலாளர்களுக்கு ஓவர்டைம் பணம் தாமதமானபோது நிர்வாகத்திடம் குரலை உயர்த்திப் பேசியவரும் அவர்தான். விரைவாக முடிவெடுப்பது, சுற்றி வளைக்காமல் பேசுவது, மோதலுக்கு அஞ்சாதது, கட்டுப்பாடு தம் கையில் இருக்க வேண்டும் என்று விரும்புவது, நீண்ட முன்னுரைகளைப் பொறுக்க முடியாதது ஆகியவை சேர்ந்ததைத்தான் பணியிட உளவியலில் ஆதிக்கப் பாங்கு என்கிறோம். இது நோயும் இல்லை, குணக்கேடும் இல்லை. நெருக்கடியான நாளில் இந்தப் பாங்கு உள்ளவர் ஒருவர் இருந்தால்தான் வேலை நடக்கும் என்பதைத் தொழிற்சாலையில் நின்று பார்த்தவர் எவரும் மறுக்க மாட்டார். தமிழில் 'ஆளுமை' என்ற சொல்லிலேயே 'ஆள்' என்னும் வேர் இருக்கிறது. "அவர் பெரிய ஆளுமை" என்று நாம் புகழும்போது, பிறரை அடக்கி நிற்கும் ஆற்றலையும் சேர்த்தே புகழ்கிறோமோ என்று எனக்கு அவ்வப்போது தோன்றும்.

மனிதர்களின் நடத்தையை நான்கு வகைகளாகப் பிரிக்கும் 'டிஸ்க்' (DISC) வகைப்பாடு நிறுவனப் பயிற்சி வகுப்புகளில் இன்று பரவலாகப் பயன்படுத்தப்படுகிறது; அதன் முதல் எழுத்தான 'டி' (D) ஆதிக்கத்தையே குறிக்கிறது. அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மோல்டன் மார்ஸ்டன் 1928-இல் வெளியிட்ட நூலில் இதன் அடிப்படை இருக்கிறது. ஆனால் இன்று நாம் நிரப்பும் வினாத்தாளை உருவாக்கியவர் அவர் இல்லை. பிற்காலத்தில் வேறு சிலர் உருவாக்கினார்கள். சூழலை எதிர்ப்பாகவும் தன்னை அதைவிட வலிமையானவனாகவும் ஒருவர் உணரும்போது எழும் எதிர்வினையைத்தான் மார்ஸ்டன் ஆதிக்கம் என்றார். அதாவது, அவர் விவரித்தது ஒரு சூழலில் மனம் எழுந்து நிற்கும் விதத்தை. நம் ஊர்ப் பயிற்சிக் கூடங்களிலோ அது சாதிச் சான்றிதழ்போல ஆகிவிட்டது. ஒருநாள் பயிற்சி முடிந்ததும், "நான் 'டி' டைப் சார், அப்படித்தான் பேசுவேன், மத்தவங்கதான் அனுசரிச்சுக்கணும்" என்று சொல்பவர்களை மாதம் ஒருவராவது சந்திக்கிறேன். அதே மனிதர், வாடிக்கையாளர் நிறுவனத்திலிருந்து தணிக்கைக்கு வந்தவர் முன் எவ்வளவு பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார் என்பதை நினைவூட்டினால் சிரித்துவிடுவார். அந்தச் சிரிப்புக்குப் பிறகுதான் உண்மையான உரையாடல் தொடங்கும். இத்தகைய வினாத்தாள்களைத் தன்னை அறிந்துகொள்ள ஒரு தொடக்கமாகப் பயன்படுத்தலாம். ஒருவரை வேலைக்கு எடுப்பதையோ பதவி உயர்வையோ அவற்றைக் கொண்டு முடிவு செய்வதை நான் ஏற்பதில்லை.

பணியிடத்தில் இந்தப் பாங்கு எப்படி வேலை செய்கிறது என்பதற்கு, கேமரன் ஆண்டர்சன், கேவின் கில்டஃப் ஆகிய இருவரும் 2009-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று நல்ல வெளிச்சம் தருகிறது. ஒருவரையொருவர் முன்பின் அறியாதவர்களைச் சிறு குழுக்களாக உட்கார வைத்துக் கணக்குகளைத் தீர்க்கச் சொன்னார்கள். ஆதிக்க இயல்பு மிகுந்தவர்களையே குழுவினர் திறமைசாலிகள் என்று மதிப்பிட்டார்கள்; அவர்களுடைய உண்மையான கணக்குத் திறனோ மற்றவர்களைவிட மேலானதாக இல்லை. அவர்கள் செய்ததெல்லாம் அடிக்கடியும் முந்தியும் விடை சொன்னதுதான். பெரும்பாலான கணக்குகளில், யாரோ ஒருவர் முதலில் சொன்ன விடையே குழுவின் இறுதி விடையாகிப் போனது. இங்கு யாரும் யாரையும் மிரட்டவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். முதல் குரல் எழுந்தவுடன் மற்ற குரல்கள் தாமாகவே அடங்கிவிட்டன.

அதனால்தான், ஆதிக்கப் பாங்கு உள்ள ஒருவரைப் பற்றி ஒரு நிறுவனம் என்னிடம் கேட்கும்போது, அவர் எவ்வளவு சத்தமாகப் பேசுகிறார் என்பதை நான் முதலில் பார்ப்பதில்லை. அவர் அறையில் இருக்கும்போது சொல்லப்படாமல் போகும் செய்திகள் எவை, அவை பிறகு எங்கே சொல்லப்படுகின்றன என்பதைத் தேடுகிறேன். பெரும்பாலும் கேன்டீனில் சொல்லப்படுகின்றன; இல்லையென்றால் அவர் சேர்க்கப்படாத வாட்ஸ்அப் குழுவில்.

சொல்லப்படாமல் போகும் செய்தியின் விலை எவ்வளவு என்பதை விமானத் துறை மிகக் கொடிய வழியில் கற்றுக்கொண்டது. 1977 மார்ச் 27 அன்று, கேனரித் தீவுகளைச் சேர்ந்த டெனரீஃப் தீவின் விமான நிலையத்தில், மூடுபனிக்கு நடுவே இரண்டு போயிங் 747 விமானங்கள் ஓடுபாதையிலேயே மோதிக்கொண்டதில் 583 பேர் இறந்தனர். புறப்பட முயன்றது நெதர்லாந்தின் கேஎல்எம் நிறுவன விமானம். அதன் தலைமை விமானி, அந்த நிறுவனத்தின் மூத்த பயிற்றுநர். அவருடைய படம் நிறுவன விளம்பரங்களிலும் வந்திருந்தது. அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த துணை விமானிக்கு அந்த வகை விமானத்தை ஓட்டத் தகுதிச் சான்று அளித்தவரும் அவரே. அவர் ஒருமுறை விசையைத் தள்ளியபோது, இன்னும் அனுமதி வரவில்லை என்று துணை விமானி நினைவூட்டினார். இரண்டாம் முறை விமானம் நகரத் தொடங்கியபோது துணை விமானி வெளிப்படையாகத் தடுக்கவில்லை. பின்னால் இருந்த விமானப் பொறியாளர் மட்டும், மற்றொரு விமானமான பான் அமெரிக்கன் 747 இன்னும் ஓடுபாதையை விட்டு விலகவில்லையா என்று கேட்டார். விலகிவிட்டது என்று தலைமை விமானி அழுத்தமாகச் சொன்னார். பொறியாளர் அதற்குமேல் எதுவும் சொல்லவில்லை. சில நொடிகளில் எல்லாம் முடிந்துவிட்டது.

மூடுபனி, ஒரே நேரத்தில் இருவர் பேசியதால் வானொலியில் விழுந்த இரைச்சல், பணிநேர வரம்பு நெருங்கிய பதற்றம் என்று அந்த விபத்துக்குப் பல காரணங்கள் உண்டு. ஒரு மனிதரின் குணத்தின் மேல் எல்லாவற்றையும் ஏற்றுவது நேர்மையாகாது. ஆனாலும் அந்தப் பொறியாளரின் ஐயம் கேள்வி வடிவில் வந்து, உறுதியான ஒரு பதிலில் மடிந்துபோனது. 1979-இல் நாசா நடத்திய பயிலரங்கிற்குப் பிறகு, விமானி அறையில் இளையவர் மூத்தவரிடம் எப்படி மறுத்துப் பேசுவது என்பதே தனிப் பயிற்சியாக வளர்ந்தது. அப்படிப் பயிற்சி பரவிய பிறகும், 2010 மே 22 அன்று மங்களூரில் 158 உயிர்களைப் பறித்த விபத்தில், தரையிறங்குவதைக் கைவிட்டு மேலே எழும்புமாறு துணை விமானி மூன்று முறை சொல்லியும் தலைமை விமானி தொடர்ந்து இறங்கினார் என்று விசாரணை அறிக்கை பதிவு செய்தது.

நம் அலுவலகங்களில் பேச்சு மொழியே இந்த மடிவுக்குத் துணைபோகிறது. "சார், ஒருவேளை…", "தப்பா நினைக்காதீங்க…", "உங்களுக்குத் தெரியாததில்லை, இருந்தாலும்…" என்று மூன்று படி இறங்கித்தான் நாம் விஷயத்துக்கு வருகிறோம். பணிவு என்று நாம் கருதும் இந்த முன்னுரையின் முதல் நொடியிலேயே ஆதிக்கப் பாங்கு உள்ளவரின் கவனம் போய்விடுகிறது. அவரிடம் முடிவையும் எண்ணையும் முதலில் வைக்க வேண்டும். காரணத்தை அவர் கேட்கும்போது சொல்லலாம். "சார், நூறில் பன்னிரண்டு வார்ப்பில் ஓட்டை இருக்கிறது. இன்று லோடு போனால் திரும்பி வரும். இருப்பில் உள்ள பழைய லாட்டை அனுப்பலாமா, நாளைக்குத் தள்ளலாமா?" என்று அந்தப் பெண் பொறியாளரோடு அறைக்குள் பலமுறை சொல்லிப் பழகினோம். 'சார்' போகவில்லை, மரியாதையும் குறையவில்லை. குரல் மட்டும் கடைசிச் சொல்லில் தாழாமல் நின்றது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இதே நேரடிப் பேச்சை ஓர் ஆண் மேலாளர் பேசினால் 'கறாரான ஆள்' என்பவர்கள், ஒரு பெண் மேலாளர் பேசினால் 'திமிர்' என்கிறார்கள். என்னிடம் வரும் புகார்களில் பாங்கைப் பற்றியவை எவை, பாலினத்தைப் பற்றியவை எவை என்று பிரித்துப் பார்க்காமல் நான் எந்த அறிக்கையும் எழுதுவதில்லை. அதுபோலவே, ஒருவரைப் பலர் முன்னிலையில் தொடர்ந்து இழிவுபடுத்துவது, வேலையைப் பறித்துவிடுவேன் என்று மிரட்டுவது, செய்யாத தவறைச் சுமத்துவது ஆகியவற்றை ஆளுமைப் பாங்கு என்ற பெயரில் மூடி மறைக்கக் கூடாது. அவற்றைத் தேதியோடும் சொன்ன சொற்களோடும் எழுதி வைத்து, மனிதவளப் பிரிவிடம் எழுத்துமூலம் கொடுக்க வேண்டும். பாலியல் தன்மை கொண்ட நடத்தையானால், 2013-ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலை செய்யும் இடத்தில் இருக்க வேண்டிய உள்ளகக் குழுவுக்கு அது போக வேண்டும். அனுசரித்துப் போகும் உத்திகள் அங்கே பொருந்தா.

அந்த மேலாளரிடம் நான் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: நான்கு வாரங்களுக்குக் கூட்டத்தில் அவர் கடைசியாகப் பேச வேண்டும்; அறையில் மிக இளையவர் முதலில் பேச வேண்டும். "நான் வாயை மூடினா இவங்க பேசிடுவாங்களாக்கும்?" என்று கேட்டார். உடனே பேச மாட்டார்கள் என்றேன். முதல் வாரம் அறையே அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவரும் பேனாவைத் திறந்து மூடியபடி மிகுந்த சிரமத்துடன் உட்கார்ந்திருந்தார். இரண்டு முறை பொறுக்க முடியாமல் குறுக்கே பேசிவிட்டு, "சரி, சரி, நீங்க சொல்லுங்க" என்று தாமே திருத்திக்கொண்டார். மூன்றாம் வாரம் ஸ்டோரில் வேலை செய்யும் ஐம்பது வயதுக்காரர் ஒருவர் எழுந்தார். கூட்டங்களில் அவர் வாய் திறந்ததை அங்கு யாரும் பார்த்ததில்லை. பின் வாசலில் தளம் உடைந்து பள்ளமாக இருப்பதாகவும், ஒவ்வொரு முறை வண்டி அதில் இறங்கும்போதும் அடுக்கிய வார்ப்புகள் ஒன்றோடொன்று இடிப்பதாகவும், இது ஆறு மாதமாக நடப்பதாகவும் சொன்னார். "ஏண்ணா இதை முன்னமே சொல்லலை?" என்று மேலாளர் கேட்டார். "நீங்க கேக்கலீங்களே" என்று சொல்லிவிட்டு அவர் உட்கார்ந்துகொண்டார்.