டெண்டரில் அநியாயம் நடந்தால்: முதல் 10 நாள்தான் முக்கியம்

தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை நம் கரையோரத்தில் தூண்டில் வளைவு (கடல் அரிப்பைத் தடுக்கும் கல் கட்டுமானம்), மீன் இறங்குதளம், ஏலக்கூடம், வலை பின்னும் கூடம், ரோடு என்று எந்த அரசு வேலை வந்தாலும் டெண்டர் வழியாகத்தான் போகிறது. "ரேட்டு குறைவாகப் போட்டது நான், வேலை அவருக்குப் போய்விட்டது" என்று சொல்லும் சின்ன ஒப்பந்தக்காரர்களை ஊருக்கு ஊர் பார்க்கலாம். அவர்கள் வக்கீலைத் தேடிப் போகும்போது பெரும்பாலும் கல் இறங்கி வேலை பாதி முடிந்திருக்கும். இப்படித் தாமதத்தாலேயே நியாயமான வழக்குகள் வீணாகின்றன.

மாநில அரசுத் துறைகள், உள்ளாட்சிகள், வாரியங்கள் விடும் டெண்டர்களுக்கு 1998-ஆம் ஆண்டின் தமிழ்நாடு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டமும் 2000-ஆம் ஆண்டு விதிகளும் பொருந்தும். 2 கோடி ரூபாய் வரையிலான வேலைக்கு டெண்டர் போடக் குறைந்தது 15 நாள் தர வேண்டும், அதற்கு மேல் என்றால் 30 நாள். குறைக்க வேண்டுமென்றால் மேலதிகாரி காரணத்தை எழுதி வைத்துத்தான் குறைக்கலாம். ரேட்டைக் குறைக்கச் சொல்லிப் பேசுவதாக இருந்தால், ஆகக் குறைவாகப் போட்டவரிடம் மட்டுமே பேசலாம். யாருக்கு வேலை, மற்றவர்களை ஏன் தள்ளினார்கள் என்ற விவரம் டெண்டர் அறிவிப்பிதழுக்கும் போக வேண்டும்.

இதில் ஏதாவது மீறப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். உடனே ஐகோர்ட்டுக்கு ஓட வேண்டியதில்லை. சட்டத்தின் 11-வது பிரிவில் அப்பீல் இருக்கிறது. டெண்டர் போட்டவர், உத்தரவு கைக்கு வந்த நாளிலிருந்து 10 நாளுக்குள் அரசிடம் முறையிட வேண்டும். இந்தப் படியைத் தாண்டிவிட்டு நேராக மதுரைக் கிளைக்குப் போனால், "அப்பீல் செய்தீர்களா?" என்பதுதான் பெரும்பாலும் முதல் கேள்வி. விதிமீறல் அப்பட்டமாக இருந்தால் நீதிமன்றம் நேரடியாகவே விசாரிக்கலாம், ஆனால் அதை நம்பி 10 நாளை விட்டுவிடாதீர்கள்.

அப்புறம், அரசியலமைப்புச் சட்டத்தின் 226-வது பிரிவின்படி ரிட் மனு, அதாவது அரசு அமைப்பின் முடிவை எதிர்த்து ஐகோர்ட்டில் போடும் மனு. இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள். யார் நல்ல கான்ட்ராக்டர், யார் ரேட்டு சரி என்று நீதிபதி எடை போட மாட்டார். முடிவெடுத்த விதத்தைத்தான் பார்ப்பார். 1994-இல் டாடா செல்லுலார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. பிறகு ஜகதீஷ் மண்டல் வழக்கில் இரண்டு கேள்விகளை வைத்தது: இந்த முடிவு கெட்ட நோக்கத்தாலோ, ஒருவருக்குச் சாதகம் செய்யவோ, எந்த நியாயத்துக்கும் பொருந்தாமலோ எடுக்கப்பட்டதா? பொதுநலன் பாதிக்கப்படுகிறதா? ஆகவே "என் ரேட்டுதான் குறைவு" என்பது மட்டும் போதாது. "அறிவிப்பில் இருந்த நிபந்தனை அவரிடம் இல்லை, தளர்த்தியதை எங்களுக்குச் சொல்லவும் இல்லை" என்று காட்ட முடிந்தால் வழக்கு நிற்கும்.

1979-இல் தீர்ப்பான பம்பாய் விமான நிலையச் சிற்றுண்டிக் கடை டெண்டர் வழக்கில் நடந்தது அதுதான். இரண்டாம் தர ஹோட்டல் நடத்தி ஐந்து வருட அனுபவம் வேண்டும் என்று அறிவித்துவிட்டு, அது இல்லாதவருக்குக் கொடுத்தார்கள். தான் வைத்த நிபந்தனையை அரசு அமைப்பே மீறக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஆனாலும் மனுதாரருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ஐந்து மாதத்துக்கு மேல் தாமதித்து வந்தார், அதற்குள் கடையைப் பெற்றவர் பணம் போட்டுவிட்டார் என்பது முக்கியக் காரணம். தவறு தவறுதான் என்று நீதிமன்றமே சொல்லியும் மனு தள்ளுபடி! என்னைக் கேட்டால், டெண்டர் போடுகிற ஒவ்வொருவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டிய தீர்ப்பு இது.

இடைக்காலத் தடையும் லேசில் கிடைக்காது. 2022-இல் என்.ஜி. புராஜெக்ட்ஸ் வழக்கில், பொதுப்பணிகளை நிறுத்துவதில் நீதிமன்றங்கள் தயங்க வேண்டும், பாதிக்கப்பட்டவர் நஷ்டஈடு கேட்கட்டும் என்று சொல்லப்பட்டது. நம் கரையில் இது இன்னும் கனம். ஐப்பசி மழைக்கு முன் தூண்டில் வளைவு முடியவில்லை என்றால் கடல் வீட்டு வாசலுக்கு வந்துவிடும் என்று அரசு வக்கீல் சொல்வார், அதில் உண்மையும் இருக்கும். பணி ஆணை கொடுத்து வேலை தொடங்கும் முன்பே போய் நின்றால்தான் இதற்குப் பதில் சொல்ல முடியும்.

டெண்டர் போடாத ஊர்மக்களுக்கு 11-வது பிரிவு அப்பீல் கிடையாது. பொதுநல மனு போடலாம். ஆனால் தோற்றுப்போன போட்டியாளருக்காகப் போட்டதாகத் தெரிந்தால் நிற்காது. ஊர்மக்கள் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒப்பீட்டுப் பட்டியலின் (யார் எவ்வளவு ரேட்டு போட்டார்கள் என்ற பட்டியல்) நகல் கேட்டுப் பார்க்கலாம். பதிலுக்கு 30 நாள் கெடு என்பதால் டெண்டர் போட்டவர் இதை நம்பி 10 நாளை இழந்துவிடக்கூடாது.

ரயில்வே போன்ற மத்திய அரசு வேலைகளுக்கு மாநிலச் சட்டத்தின் அப்பீல் பொருந்தாது. அங்கே டெண்டர் ஆவணத்தில் முறையீட்டுக்கு வழி சொல்லியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, நேராக ரிட் மனுதான். எதுவானாலும் அறிவிப்பு, டெண்டர் ஆவணம், திருத்த அறிவிப்புகள், டெபாசிட் கட்டிய ரசீது, போர்ட்டலில் பதிவேற்றிய ஒப்புகை, நிராகரிப்புக் கடிதம் எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்கி எடுத்துக்கொண்டு வக்கீலிடம் போங்கள்.