ஆறாவதில் எங்கே சேர்க்கிறோம் என்பதில்தான் இருக்கிறது: 7.5 சதவீதமும் மாதம் 1000 ரூபாயும்

ஐந்தாவது முடித்த பிள்ளையை எங்கே சேர்ப்பது என்று வீட்டில் பேச்சு வரும்போது ஃபீஸ், வேன், இங்கிலீஷ் மீடியம் எல்லாம் அலசுவோம். ஆனால் தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான இரண்டு பெரிய சலுகைகளுக்குக் கணக்கு ஆறாம் வகுப்பிலிருந்துதான் ஓடுகிறது என்பதைப் பலர் பிளஸ் டூ ரிசல்ட் வந்த பிறகுதான் கேள்விப்படுகிறார்கள். அப்போது தெரிந்து ஒன்றும் செய்ய முடியாது.

முதலில் 7.5 சதவீத இட ஒதுக்கீடு. 2020-ல் மருத்துவப் படிப்புகளுக்குச் சட்டமாக வந்தது, 2021-ல் பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் போன்ற படிப்புகளுக்கும் நீட்டினார்கள். மருத்துவத்துக்கு நீட் தேர்ச்சி கட்டாயம்தான், ஆனால் அதன் பிறகு போட்டி அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குள்ளேயே. அந்த 7.5-க்குள்ளும் வழக்கமான சாதிவாரி ஒதுக்கீடு உண்டு. இதில் சீட் கிடைத்தால் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே ஏற்கிறது. என்னைக் கேட்டால், சீட்டைவிட இந்தக் கட்டண விஷயம்தான் பல குடும்பங்களுக்குப் பெரிது.

நிபந்தனை ஒன்றுதான்: ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை முழுக்க அரசுப் பள்ளி. ஒரே பள்ளியாக இருக்க வேண்டியதில்லை. ஊராட்சி ஒன்றியப் பள்ளி, நகராட்சி, மாநகராட்சிப் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி, மதுரை, தேனி பக்கம் உள்ள கள்ளர் சீரமைப்புப் பள்ளி எல்லாமே அரசுப் பள்ளிக் கணக்கில்தான் வரும். அரசு உதவி பெறும் பள்ளி வராது. இங்கேதான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள், ஏனென்றால் ஃபீஸ் குறைவு, சத்துணவு உண்டு, இலவசப் புத்தகம் உண்டு, பார்க்க அரசுப் பள்ளி மாதிரியேதான் இருக்கும்.

அடுத்து மாதம் 1000 ரூபாய். பெண்களுக்குப் புதுமைப் பெண் (2022 செப்டம்பரில் தொடங்கியது), பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் (2024 ஆகஸ்ட்). கல்லூரி, பாலிடெக்னிக், ஐடிஐ எதில் சேர்ந்தாலும் படிப்பு முடியும் வரை வங்கிக் கணக்குக்கே பணம் வரும். வேறு ஸ்காலர்ஷிப் வாங்கினாலும் இது தனி. அஞ்சல் வழியில் படித்தால் மட்டும் கிடையாது. உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் இது உண்டு. அரசுப் பள்ளி என்றால் எந்த மீடியம் என்று பார்ப்பதில்லை, ஆனால் உதவி பெறும் பள்ளியில் இங்கிலீஷ் மீடியம் என்றால் கிடைக்காது.

சரி, ஆர்டிஇ-யில், அதாவது கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத ஒதுக்கீட்டில், தனியார் பள்ளியில் இலவசமாகச் சேர்த்த பிள்ளைகள்? அந்த இலவசம் எட்டாவதோடு முடிந்துவிடும். இவர்களுக்கு மட்டும் விதிவிலக்கு: ஒன்பதாவதில் அரசுப் பள்ளிக்கு மாற்றிப் பன்னிரண்டாவது வரை அங்கேயே படித்தால், 7.5 சதவீதமும் உண்டு, மாதம் 1000 ரூபாயும் உண்டு. அதே தனியார் பள்ளியில் பணம் கட்டித் தொடர்ந்தால் இரண்டும் போச்சு. கவனிக்க, ஆர்டிஇ-யில் இல்லாமல் ஃபீஸ் கட்டி ஆறாவது, ஏழாவது தனியாரில் படித்த பிள்ளைக்கு இந்த வழி கிடையாது.

அதைவிடப் பெரிய பொறி பிளஸ் ஒன். ஊரில் இருப்பது உயர்நிலைப் பள்ளி, பத்தாவதோடு முடிகிறது. பிள்ளை நல்ல மார்க் வாங்கியிருக்கிறது. 'நீட் கோச்சிங்கோடு சேர்த்துத் தருகிறோம், ஃபீஸில் பாதி தள்ளுபடி' என்று தனியார் பள்ளிக்காரர்கள் வீடு தேடி வருகிறார்கள். ஐந்து வருடம் அரசுப் பள்ளியில் படித்த பிள்ளை அந்த இரண்டு வருடத்துக்காக டாக்டர் சீட்டுக்கான தனி வரிசையை விட்டுவிட்டுப் பொது வரிசையில் போய் நிற்க வேண்டியதாகிறது. பக்கத்து ஊர் அரசு மேல்நிலைப் பள்ளியில் வேண்டிய குரூப் இருக்கிறதா, அந்தப் பாடங்களுக்கு ஆசிரியர் இருக்கிறாரா என்று நேரில் போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். இரண்டும் இல்லை என்றால், வெறும் ஒதுக்கீட்டை நம்பி அங்கே சேர்க்கச் சொல்ல மாட்டேன். நீட்டில் தேர்ச்சி பெறாமல் 7.5 உதவாது.

பேப்பர் வேலை அதிகமில்லை. எந்த வகுப்பு எந்தப் பள்ளியில் படித்தது என்பது எமிஸ் (பள்ளிக்கல்வித் துறையின் கணினிப் பதிவு) பதிவில் இருக்கும், ஆனாலும் பள்ளி மாறும்போதெல்லாம் அந்தந்தத் தலைமையாசிரியரிடம் எந்த வகுப்பு முதல் எந்த வகுப்பு வரை படித்தது என்று எழுதிய சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆதாரில் ஒரு இனிஷியல், எமிஸில் வேறு இனிஷியல் என்று இருந்தால் பத்தாம் வகுப்புக்கு முன்பே சரி செய்துவிடுங்கள். மாதம் 1000 ரூபாய்க்கான விண்ணப்பத்தைக் கல்லூரியில் சேர்ந்த பிறகு கல்லூரி வழியாகவே போடலாம், வெளியே யாருக்கும் பணம் கொடுக்க வேண்டியதில்லை.