1948ல தெரிஞ்சது, 2023ல மருந்தாச்சு: நடுவுல என்னதான் பண்ணாங்க?

ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "எலிக்கு கேன்சர் குணமாயிடுச்சு, எலிக்கு சுகர் குணமாயிடுச்சுன்னு வாரத்துக்கு ஒரு நியூஸ் வருது, ஆனா மனுஷனுக்கு ஒண்ணையும் காணோமே, கண்டுபிடிச்சத மறைச்சு வெச்சிருக்காங்களா?"

மறைக்கலாம் இல்லைங்க. குணமாக்குற மருந்து கையில இருந்தா அத வித்து காசு பாக்கத்தான் கம்பெனிக்காரன் பறப்பான், பொட்டியில பூட்டி வெச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறான்? ஆனா "ஏன் இவ்ளோ லேட்டு"ங்கறது நல்ல கேள்வி.

வழக்கமா சொல்ற பதில் உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். முதல்ல தட்டுல வளர்த்த செல்லுல பாப்பாங்க, அப்புறம் எலி, அப்புறம் குரங்கோ நாயோ, அப்புறம் மனுஷங்கள்ல மூணு கட்டமா ட்ரையல், முதல் கட்டத்துல ஆபத்து இருக்கான்னு, ரெண்டாவதுல வேலை செய்ற மாதிரி தெரியுதான்னு, மூணாவதுல பெரிய கூட்டத்துக்குக் குடுத்து நிஜமாவே செய்யுதான்னு. மனுஷன் வரைக்கும் வந்து சேர்ந்த மருந்துலயே பத்துக்கு ஒம்போது தேறாது. சரிதான், ஆனா இதக் கேட்டா தாமதம் எல்லாம் ட்ரையல்லதான்னு தோணும். என்னைக் கேட்டா பெரும்பாலான வருஷங்கள் அதுக்கு முன்னாடியே போயிடுது, உடம்புல எதத் தொடணும்னே தெரியாம. அதுக்கு சிக்கிள் செல் அனீமியாங்கற பரம்பரை ரத்த நோய விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியல.

நோய் என்னன்னு வேகமா சொல்லிடறேன். நம்ம சிவப்பணுவுக்குள்ள இருக்கற ஹீமோகுளோபின்ல ரெண்டு ஆல்பா சங்கிலி, ரெண்டு பீட்டா சங்கிலி, எல்லாமே அமினோ அமிலங்கள வரிசையா கோத்த புரதச் சங்கிலி. பீட்டாவுல ஆறாவது இடத்துல குளூட்டமிக் அமிலத்துக்கு பதிலா வேலின்ங்கற வேற அமினோ அமிலம் வந்து உக்காந்துடுது, அவ்ளோதான், வெர்னான் இங்ராம் 1950கள்லயே இதக் கண்டுபிடிச்சிட்டார். அந்த வேலினுக்கு தண்ணி ஆகாது, அதனால ஆக்சிஜன இறக்கி விட்டதும் பக்கத்து ஹீமோகுளோபின்ல ஒரு பள்ளம் பாத்து ஒட்டிக்கும், அது அடுத்ததோட, அது அடுத்ததோட, இப்படியே நீள நீளமா நாராகி சிவப்பணுவ அரிவாள் மாதிரி வளைச்சிடும். வளைஞ்ச அணு சின்ன ரத்தக்குழாய்கள்ல அடைச்சுக்கும், உயிர் போற வலி, உறுப்புகள் பாழாகும்.

இதுல 1948ல ஜேனட் வாட்சன்ங்கற நியூயார்க் டாக்டர் ஒண்ணு கவனிச்சாங்க. இந்த நோயோட பிறந்த குழந்தைகளுக்கு முதல் சில மாசம் ஒண்ணும் ஆகல, ரத்தத்த எடுத்துப் பாத்தா அரிவாள் அணுக்களே கம்மி. கருவுல இருக்கும்போது நாம பீட்டா சங்கிலிக்குப் பதிலா காமா சங்கிலி போட்ட ஃபீட்டல் ஹீமோகுளோபின வெச்சுதான் ஓட்டறோம், அம்மா ரத்தத்துல இருந்து ஆக்சிஜன இழுக்க அதுதான் தோது. பிறந்து கொஞ்ச மாசத்துல காமா அணைஞ்சு பீட்டா வந்துடும். அப்ப அந்தக் காமாதான் குழந்தையக் காப்பாத்துதுன்னு அவங்க யூகிச்சாங்க, அது சரியாவும் இருந்துச்சு. காமா சங்கிலியில 87வது இடத்துல வேற அமினோ அமிலம், அதனால இந்த வேலின் ஒட்டறதுக்கு தோதா இடம் கிடைக்கறதில்ல, நார் நீளமாகாம பாதியிலயே நின்னுடும். சவுதி அரேபியாவோட கிழக்குப் பகுதியிலயும் இந்தியாவோட சில பகுதிகள்லயும் இதே நோய் இருந்தும் சிலருக்கு லேசா இருக்கறதுக்கு அவங்க உடம்பு பெரியவங்க ஆனப்புறமும் ஃபீட்டல் ஹீமோகுளோபின நிறைய தயாரிக்கறது ஒரு முக்கிய காரணம்.

ஆக சிகிச்சை என்னன்னு அப்பவே தெரியும். அணைஞ்ச காமாவ மறுபடி போடணும். ஆனா எது அணைக்குது? அதான் அறுபது வருஷம்.

நடுவுல ஹைட்ராக்ஸியூரியான்னு ஒரு பழைய கேன்சர் மருந்து ஃபீட்டல் ஹீமோகுளோபின ஏத்துதுன்னு தெரிஞ்சு 1998ல அமெரிக்காவுல சிக்கிள் செல்லுக்கும் அனுமதி குடுத்தாங்க, நல்ல மருந்து, நிறைய பேர் உயிரக் காப்பாத்தியிருக்கு, ஆனா எல்லாருக்கும் ஒரே மாதிரி ஏறல. எலிய வெச்சு அணைக்கறது யாருன்னு தேடலாம்னா அங்க ஒரு கூத்து. எலிக்கு நம்மள மாதிரி தனியா ஒரு ஃபீட்டல் ஹீமோகுளோபின் கட்டமே கிடையாது! ஆரம்பக் கருவுல ஒண்ணு, அதுல இருந்து நேரா பெரியவங்க ஹீமோகுளோபினுக்குத் தாவிடும். அந்த வாசகருக்கு இதையும் சொல்லணும், எலியில இல்லாத விஷயத்த எலிகிட்ட எப்படிக் கேக்கறது?

கடைசியில பதில் மனுஷங்ககிட்ட இருந்துதான் வந்துச்சு. நம்ம எல்லார் ரத்தத்துலயும் துளியூண்டு ஃபீட்டல் ஹீமோகுளோபின் மிச்சம் இருக்கும், சிலருக்கு கொஞ்சம் கூட, சிலருக்கு கம்மி. 2007, 2008ல ஏகப்பட்ட பேரோட டிஎன்ஏவ முழுசா ஒப்பிட்டு, கூட இருக்கறவங்களுக்கும் கம்மியா இருக்கறவங்களுக்கும் எங்க வித்தியாசம்னு பாத்தாங்க. ஹீமோகுளோபின் ஜீன் இருக்கறது 11வது குரோமோசோம்ல, ஆனா வித்தியாசம் ஒண்ணு ரெண்டாவது குரோமோசோம்ல, பிசிஎல்11ஏங்கற ஜீனுக்குள்ள பல்லக் காட்டுச்சு. ரத்தப் புற்றுநோய் சம்பந்தமா பேர் வாங்கியிருந்த ஜீன் அது, ஹீமோகுளோபினோட அதுக்கு என்ன வேலைன்னு யாருக்கும் தெரியாது. பாஸ்டன்ல ஸ்டூவர்ட் ஆர்க்கின் லேப்ல அப்ப மாணவரா இருந்த விஜய் சங்கரன், சிவப்பணுவா மாறப்போற மனுஷ செல்லுல பிசிஎல்11ஏவக் குறைச்சுப் பாத்தார். காமா ஏறிடுச்சு. அணைக்கறவன் சிக்கிட்டான்.

சரி, அப்ப பிசிஎல்11ஏவத் தூக்கிட்டா போச்சேன்னு நினைப்பீங்க. முடியாது. அந்த ஜீனே இல்லாத எலிக்குட்டி பிறந்ததும் செத்துடும், நோய் எதிர்ப்புக்கு வேலை செய்ற பி செல்களுக்கும் மூளை வளர்ச்சிக்கும் அது வேணும். நிறைய நல்ல ஐடியாக்கள் சாகறது இந்த இடத்துலதான்: நோய்க்குக் காரணமான ஆளு வேற எங்கயோ உருப்படியான வேலை பாத்துட்டு இருப்பான்.

இங்கதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் வருது, கொஞ்சம் நிதானமாவே போலாம்.

அந்த டிஎன்ஏ வித்தியாசம் பிசிஎல்11ஏ ஜீனுக்குள்ள இருந்துச்சுன்னு சொன்னேன்ல, அது புரதம் எழுதற பகுதியில இல்ல, நடுவுல சும்மா கிடக்கற மாதிரி தெரியற இடத்துல. 2013ல டேனியல் பாயரும் ஆர்க்கின் குழுவும் அத நோண்டினப்போ அது ஒரு என்ஹான்சர்னு தெரிஞ்சுது, அதாவது ஜீன் எந்த செல்லுல எவ்ளோ ஓடணும்னு முடிவு பண்ற டிஎன்ஏ துண்டு. நம்ம உடம்புல எல்லா செல்லுலயும் ஒரே டிஎன்ஏதான், ஆனா ஒரு ஜீனுக்கு செல்லுக்கு செல் வேற வேற என்ஹான்சர் இருக்கலாம். மாடிப்படி லைட்டுக்கு கீழ ஒரு சுவிட்ச், மேல ஒரு சுவிட்ச் இருக்கற மாதிரி வெச்சுக்கோங்க, கீழ இருக்கறதப் பிடுங்கிப் போட்டாலும் மேல இருக்கறவங்க அவங்க பாட்டுக்குப் போட்டுக்கலாம். இந்த என்ஹான்சர் சிவப்பணு வம்சத்துக்குன்னே இருக்கறது. காரணம், காட்டா1னு ஒரு புரதம் இதுல வந்து உக்காந்தாதான் இது வேலை செய்யும், அந்தப் புரதம் பி செல்லுலயும் மூளை செல்லுலயும் இருக்கறதே இல்ல. அப்ப காட்டா1 உக்கார்ற அந்த சில டிஎன்ஏ எழுத்துகள மட்டும் கெடுத்துட்டா? சிவப்பணுவுல மட்டும் பிசிஎல்11ஏ குறையும், காமா எழுந்துக்கும், மூளைக்கு ஒண்ணும் ஆகாது. மொத்த ஜீனையும் தொட வேண்டியதே இல்ல.

கெடுக்கறதுக்கு அந்த நேரம் பாத்து கிரிஸ்பர் வந்து சேர்ந்துச்சு. 2012ல ஜெனிஃபர் டவுட்னா, எமானுவேல் ஷார்பன்டியே குழு அத டிஎன்ஏ வெட்டற கருவியாக் காட்டினாங்க. கிரிஸ்பர்னா ஜீன ரிப்பேர் பண்றதுன்னு எல்லாரும் நினைச்சுக்கறாங்க, அந்த முதல் தலைமுறை கருவிக்கு ரிப்பேர் அவ்ளோ வராது, நல்லா வர்றது உடைக்கறது. சொன்ன இடத்துல வெட்டும், செல் பதறிப்போய் ரெண்டு முனையையும் கன்னாபின்னான்னு ஒட்டும், ஒட்டும்போது நாலஞ்சு எழுத்து போயிடும் இல்ல வந்துடும். வழக்கமா இது தொல்லை, இங்க தேவையே அதுதான்! பிழையான பீட்டா ஜீன யாரும் திருத்தல, அது அப்படியேதான் இருக்கு, வேற குரோமோசோம்ல வேற ஒரு சுவிட்ச உடைச்சு நோய அடக்கியாச்சு. 2018ல இன்னொண்ணும் தெரிஞ்சுது, பிசிஎல்11ஏ புரதம் காமா ஜீனுக்கு முன்னாடி உக்கார்ற இடமும், பிறவியிலேயே ஃபீட்டல் ஹீமோகுளோபின் அதிகமா இருக்கற சில ஆரோக்கியமான குடும்பங்கள்ல மாறியிருந்த எழுத்துகளும் ஒரே இடம். இந்த சிகிச்சைய இயற்கை ஏற்கெனவே மனுஷங்கள்லயே செஞ்சு பாத்திருக்கு.

அப்புறம்தான் எல்லாரும் சொல்ற ட்ரையல் கட்டம். நோயாளியோட ரத்த அணுக்கள உண்டாக்கற ஸ்டெம் செல்ல எடுத்து, வெளியில வெச்சு எடிட் பண்ணி, எலும்பு மஜ்ஜையில இருக்கற பழைய செல்ல புசல்ஃபான்ங்கற கீமோ மருந்து குடுத்து அழிச்சுட்டு, எடிட் பண்ணதத் திருப்பி ஏத்தறாங்க. வெர்டெக்ஸ், கிரிஸ்பர் தெரப்யூட்டிக்ஸ்னு ரெண்டு கம்பெனி சேர்ந்து பண்ண இந்த சிகிச்சைக்கு கேஸ்கெவின்னு பேர், அதுக்கு 2023 நவம்பர்ல பிரிட்டன் அனுமதி, டிசம்பர்ல அமெரிக்கா. போதுமான காலம் கவனிக்கப்பட்ட 31 பேர்ல 29 பேருக்கு குறைஞ்சது ஒரு வருஷம் கடும் வலித்தாக்குதல் வரவே இல்ல. மனுஷங்கள்ல ட்ரையல் ஆரம்பிச்சு அனுமதி வர ஆனது அஞ்சு வருஷம் சொச்சம்தான், கணக்குப் பண்ணிக்கோங்க.

கொஞ்சம் என் எரிச்சலையும் கொட்டிக்கறேன். கிரிஸ்பரோட ஆரம்பம் எதுன்னா, 1987ல ஜப்பான்ல ஒரு பாக்டீரியா ஜீன்ல தற்செயலாக் கண்ணுல பட்ட வினோதமான திரும்பத் திரும்ப வர்ற எழுத்துகள், அப்புறம் ஸ்பெயின்ல ஃபிரான்சிஸ்கோ மொஹிகா உப்பு நீர்ல வாழற நுண்ணுயிரிகள்ல வருஷக்கணக்கா அதையே பாத்துட்டு இருந்தது. "இதால என்ன பிரயோஜனம்"னு கேக்கற கமிட்டி முன்னாடி அந்த மனுஷன் என்ன சொல்லியிருக்க முடியும்? 2010ல இருந்து 2016 வரைக்கும் அமெரிக்காவுல அனுமதி வாங்கின 210 புது மருந்துகளுக்குப் பின்னாடி போய்ப் பாத்தாங்க, எல்லாத்துலயும் அமெரிக்க அரசோட மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான என்ஐஎச்சோட பணத்துல நடந்த ஆராய்ச்சி இருந்துச்சு. அடிப்படை ஆராய்ச்சிக்குக் காசு குடுக்க மூக்கால அழுதுட்டு புது மருந்து எங்கன்னு கேக்கறது எந்த ஊர் நியாயம்னு எனக்குப் புரியல. இந்தப் பொறுமை இல்லாத இடத்துலதான் "ஸ்டெம் செல் ஊசி, சகல வியாதிக்கும்"னு போர்டு மாட்டறவன் புகுந்துடறான், ட்ரையல் கிடையாது, கணக்கு கிடையாது, நாலு பேர் வீடியோவுல அழுதுக்கிட்டே நன்றி சொல்றதுதான் ஆதாரம்.

கேஸ்கெவியும் முழுத் தீர்வுன்னு சொல்ல மாட்டேன். புசல்ஃபான் கடுமையான மருந்து, வாரக்கணக்கா ஆஸ்பத்திரியில கிடக்கணும், குழந்தை பெத்துக்கற திறன் போற ஆபத்தும் உண்டு. அமெரிக்காவுல விலை 22 லட்சம் டாலர், இந்த நோய் அதிகமா இருக்கறதோ சஹாராவுக்குத் தெற்க இருக்கற ஆப்பிரிக்க நாடுகள்ல. அதனால இப்ப தேடறது ஸ்டெம் செல்லெல்லாம் எடுக்காம, மாத்திரையாக் குடுத்தே காமாவ எழுப்ப வழி இருக்கான்னு. பிசிஎல்11ஏ மாதிரியே காமாவ அடக்கி வெக்கற விஸ்ங்கற இன்னொரு புரதத்த செல்லோட குப்பைக் கிடங்குக்குத் தள்ளி விடற ஒரு சின்ன மூலக்கூற 2024ல நோவார்ட்டிஸ் மருந்துக் கம்பெனியோட குழு வெளியிட்டாங்க. மனுஷ ஜீன்களும் செல்களும் வெச்ச எலியிலயும் குரங்குலயும் ஃபீட்டல் ஹீமோகுளோபின் ஏறுது.