எதிர்ப்பு சக்தியை ஏற்ற டானிக் கேட்கும் பெற்றோருக்கு

சில மாதங்களுக்கு முன் ஒரு பையனை அழைத்து வந்தார்கள். மூன்று வயது, காதில் ஓயாமல் சீழ், ஃபைலில் மூன்று நிமோனியா டிஸ்சார்ஜ் சம்மரி, அம்மாவின் பையில் விதவிதமான இம்யூனிட்டி சிரப். ரத்தத்தில் ஐஜிஜி (கிருமியை எதிர்க்கும் ஆன்டிபாடி புரதங்களில் ஒன்று) அளவைப் பார்க்கச் சொல்லி மட்டும் யாருமே எழுதித் தரவில்லை. பார்த்தோம், ஏறக்குறைய இல்லை. ஆன்டிபாடி செய்யும் வெள்ளையணுக்களான பி செல்களும் இல்லை. வாயைத் திறந்து பார்த்தால் டான்சில் இருக்கவேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. இது போல எத்தனை பிள்ளைகளைத்தான் தாமதமாகப் பார்ப்பது?

"எதிர்ப்பு சக்தி கம்மியா இருக்கு, ஏறுறதுக்கு ஏதாவது குடுங்க டாக்டர்." தினமும் கேட்கிறேன். எதிர்ப்பு சக்தி என்பது ஊற்றி நிரப்புகிற பொருள் இல்லைங்க. எந்தச் செல், எந்த நேரத்தில், எந்தப் புரதத்தை, எந்த வடிவத்தில் செய்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நம் உடம்பில் புரதம் செய்யும் ஜீன்கள் சுமார் 20,000தான். ஆனால் ஜீனின் ஆர்என்ஏ நகலில் சில துண்டுகளை வெட்டி விட்டு மீதியை ஒட்டும்போது, எதை வைப்பது எதை விடுவது என்பதை மாற்றி, ஒரே ஜீனிலிருந்து பல புரதங்களைச் செல் செய்துகொள்கிறது. இதைத்தான் ஸ்ப்ளைசிங் என்கிறோம்.

ஒரு பி செல்லை எடுத்துக்கொள்ளுங்கள். கிருமியைப் பார்க்கும் முன் ஐஜிஎம் என்ற ஆன்டிபாடியைத் தன் மேற்பரப்பில் பதித்து வைத்திருக்கும். கிருமியைப் பார்த்துத் தூண்டப்பட்ட பிறகு, அதே ஜீனின் நகலில் கடைசிப் பகுதியை வேறு விதமாக முடித்து, அதே ஐஜிஎம்மை ரத்தத்தில் விடும். இன்னொரு வகை வெள்ளையணுவான டி செல்லில் சிடி45 என்ற புரதமும் இப்படித்தான். அனுபவமில்லாத செல்லில் நீளமான ஆர்ஏ வடிவம், கிருமியைச் சந்தித்த செல்லில் சில துண்டுகள் போய் ஆர்ஓ வடிவம். கைக்குழந்தையின் ஃப்ளோ ரிப்போர்ட்டில் (ரத்தச் செல்களை வகை பிரித்து எண்ணும் டெஸ்ட்) டி செல் எண்ணிக்கை நன்றாக இருந்தும் பெரும்பாலும் ஆர்ஓவாகவே இருந்தால், எங்களுக்கு வயிற்றைக் கலக்கும், கடுமையான குறைபாடாக இருக்கலாம். எண்ணிக்கையை மட்டும் பார்த்து "நார்மல்" என்று அனுப்பிவிடாதீர்கள் என்று இளம் டாக்டர்களிடமும் சொல்லிக்கொள்கிறேன்.

சரி, அந்தப் பையனுக்கு என்ன? பி செல் வளரத் தேவையான பிடிகே என்ற ஜீனில் ஒரு டிஎன்ஏ எழுத்து மாறியிருந்தது, அதுவும் ஸ்ப்ளைசிங்கில் வெட்டவேண்டிய எல்லையில். வெட்டு தவறியதால் புரதம் உருப்படவில்லை, பி செல்கள் வளரவில்லை. எக்ஸ்-லிங்க்டு அகாமாகுளோபுலினீமியா என்ற இந்த நோயை 1952இலேயே ஆக்டன் புரூட்டன் விவரித்துவிட்டார், ஜீன் 1993இல் கிடைத்தது. இதற்கு எந்தச் சிரப் என்ன செய்யும்? மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை இம்யூனோகுளோபுலின் (தயார் ஆன்டிபாடி) ஏற்றினால் பிள்ளை பள்ளிக்கூடம் போவான். தாமதித்தால் நுரையீரல் நிரந்தரமாகக் கெடும், அப்புறம் எதை ஊற்றியும் அது திரும்பாது.

சின்னப் பிள்ளைக்குச் சளி அடிக்கடி பிடிப்பது இயல்பு, அதற்குப் பயப்படவேண்டாம். ஆனால் ஒரு வருடத்துக்குள் இரண்டு நிமோனியா வந்தாலும், ஆறு மாதம் வரை நன்றாக இருந்து (தாயிடமிருந்து வந்த ஐஜிஜி அதுவரை காக்கும்) பிறகு தொற்று விடாமல் வந்தாலும், ஐஜிஜி, ஐஜிஏ, ஐஜிஎம் என்ற மூன்று ஆன்டிபாடி அளவையும் பாருங்கள். கொஞ்சம் ரத்தம் போதும். வீட்டில் இதற்கு முன் பிறந்த குழந்தை தொற்றில் இறந்திருந்தால், அடுத்த பிரசவத்துக்கு முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள், ஏனென்றால் பிசிஜியும் போலியோ சொட்டு மருந்தும் உயிருள்ள தடுப்பூசிகள், குறைபாடு இருக்கும் பிள்ளைக்கு ஆபத்து. மற்ற பிள்ளைகளுக்குத் தடுப்பூசியைத் தள்ளிப்போட இதைச் சாக்காகச் சொல்லாதீர்கள்!

தாய்மாமன் யாராவது சிறுவயதில் இறந்தாரா என்று நாங்கள் கேட்பது சம்பிரதாயத்துக்கு இல்லை. பிடிகே எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது, தாய்வழி மகனுக்கு வரும். இதைக் கேட்டதும் மாமியார் மருமகளைப் பார்க்கும் பார்வை இருக்கிறதே, தயவுசெய்து அதை விடுங்கள். அவள் சாப்பிட்டதாலோ பால் போதாததாலோ இது வரவில்லை.

கடைசியாக, வழக்கமான எக்ஸோம் டெஸ்ட் (ஜீன்களில் புரதத்துக்கான துண்டுகளான எக்ஸான்களை மட்டும் படிப்பது) "ஒன்றுமில்லை" என்று வந்தாலும் ஐஜிஜி குறைவாகவே இருந்தால் விட்டுவிடாதீர்கள். ஜீனின் உள்பகுதியில், எக்ஸானுக்குத் தள்ளி இருக்கும் ஸ்ப்ளைசிங் பிழைகளை அந்த டெஸ்ட் தவறவிடும், ஆர்என்ஏவைப் பார்த்தால் தெரியலாம். அதுவரை சிகிச்சையை நிறுத்தி வைக்கத் தேவையில்லை.