சேறு பூசினால் வெப்பக் கண்ணுக்குத் தப்பலாமா?

1987இல் வந்த ‘பிரிடேட்டர்’ படத்தைப் பார்த்தவர்கள் அந்தக் காட்சியை மறந்திருக்க மாட்டார்கள். அருவியிலிருந்து விழுந்த அர்னால்ட் ஸ்வார்ஸ்நெகர் ஆற்றில் நீந்திக் கரையேறி, சேற்றில் தவழ்ந்து, ஒரு மரவேர்த் திட்டில் சாய்ந்து கிடக்கிறார். துரத்தி வந்த வேற்றுக்கிரக வேட்டையாளி சில அடி தூரத்தில் வந்து நிற்கிறது. நேராக அவரைப் பார்க்கிறது. பிறகு திரும்பிப் போய்விடுகிறது. “அதுக்கு என்னைத் தெரியல” என்று அவருக்கு அப்போதுதான் உறைக்கிறது.

இயக்குநர் ஜான் மெக்டியர்னன் படம் நெடுக, சூட்டைக் காணும் அந்த ஜந்துவின் பார்வையை நமக்குக் காட்டிக்கொண்டே வருகிறார்: காடு நீலமாக, மனிதர்கள் சிவப்பும் மஞ்சளுமாக. அதனால் சேற்றுக் காட்சியில் யாரும் விளக்கம் சொல்லத் தேவையில்லாமல் போகிறது. எண்பதுகளின் அதிரடிப் படங்களில் கதையின் முடிச்சே ஓர் இயற்பியல் உண்மையில் நிற்பது அபூர்வம். அதற்காகவே எனக்கு இந்தப் படம் பிடிக்கும்.

அந்த உண்மை இதுதான். சூடுள்ள எந்தப் பொருளும் கதிர்வீசிக்கொண்டே இருக்கும். சூடு ஏற ஏற அலைநீளம் குறையும். கொல்லன் உலையில் இரும்பு சிவப்பது அப்படித்தான். நம் தோலின் வெப்பநிலை சுமார் 33 டிகிரி செல்சியஸ். அந்தச் சூட்டில் வெளிவரும் கதிர்களின் உச்சம் ஏறக்குறைய 9.5 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் இருக்கும். நம் கண்ணுக்குத் தெரிவது 0.4 முதல் 0.7 மைக்ரோமீட்டர் வரைதான். ஆக, நாம் எல்லோரும் இருட்டிலும் ஒளிர்ந்துகொண்டுதான் இருக்கிறோம். பார்க்க நமக்குக் கண் இல்லை, அவ்வளவே.

ஆனால் ஒளிர்வது நாம் மட்டும் இல்லை. மரம், பாறை, மண் எல்லாமே அதே அலைநீளங்களில் ஒளிர்கின்றன. சூட்டைப் படமாக்கும் தெர்மல் கேமராவுக்கு ஒருவர் தனியாகத் தெரிய வேண்டுமென்றால், பின்னணியைவிட அவர் சூடாகவோ குளிராகவோ இருக்க வேண்டும். அந்த வேறுபாடுதான் படம். திரையில் தெரியும் சிவப்பும் நீலமும் உண்மையான நிறங்களே அல்ல; இந்தச் சூட்டுக்கு இந்த நிறம் என்று கருவி பூசிவிடுவது.

இங்கேதான் படக்குழு மாட்டிக்கொண்டது. படப்பிடிப்பு நடந்தது மெக்சிகோவின் காட்டில். அங்கே காடே உடம்பளவு சூடாக இருந்ததால், தெர்மல் கேமராவில் நடிகர்கள் இலைகளோடு கலந்து போனார்கள். கதைக்கு அவசியமான வேறுபாட்டைப் பாடுபட்டுத்தான் உண்டாக்க வேண்டியிருந்தது.

அந்தக் காலத்துத் தரமான தெர்மல் கேமராக்களும் லேசானவை அல்ல. கேமராவின் உட்பாகமே சூடாக இருந்தால் அதன் ஒளிர்வும் தொந்தரவும் படத்தை மூழ்கடித்துவிடும். எனவே உணரியைத் திரவ நைட்ரஜன் ஊற்றி மைனஸ் 196 டிகிரி வரை குளிரவைப்பார்கள். சாதாரணக் கண்ணாடி இந்தக் கதிர்களை உள்ளே விடாது. லென்ஸை ஜெர்மானியம் என்ற தனிமத்தில் செய்ய வேண்டும். இன்று கையடக்கக் கேமராக்களில் இருப்பது வேறு வகை. அதில் மெல்லிய வனேடியம் ஆக்ஸைடு தகடுகள் நுண்ணிய கால்கள் மட்டுமே தாங்க அந்தரத்தில் நிற்கும். கதிர் பட்டதும் தகடு கொஞ்சம் சூடாகும், அதன் மின்தடை மாறும், அதை அளந்து படமாக்குவார்கள். குளிரூட்டத் தேவையில்லை.

இந்த மாதிரி ஏற்பாடு குழிவிரியன் பாம்புகளிடம் கோடி ஆண்டுகளுக்கும் மேலாக இருக்கிறது என்பதுதான் ஆச்சரியம். மேற்குத் தொடர்ச்சி மலையில் காணப்படும் மூங்கில் குழிவிரியனுக்குக் கண்ணுக்கும் நாசிக்கும் நடுவே ஒரு குழி உண்டு. குழிக்குள் மிக மெல்லிய சவ்வு, இருபக்கமும் காற்று. மெல்லியதாக இருப்பதால் சட்டென்று சூடேறும்; காற்றில் தொங்குவதால் அந்தச் சூடு தலைக்குள் கசியாது. சவ்வின் நரம்புகளில் இந்தச் சூட்டை உணரும் புரதத்தை 2010இல் அமெரிக்க விஞ்ஞானி டேவிட் ஜூலியஸின் குழு அடையாளம் கண்டது.

சரி, சேற்றுக்கு வருவோம். ஈரச் சேறு இந்த அலைநீளங்களுக்கு இரும்புத்திரை மாதிரி. சில மில்லிமீட்டர் இருந்தாலே தோலின் கதிர் ஊடுருவாது. ஆனால் சேறும் தோல் அளவுக்கே நன்றாகக் கதிர்வீசும் பொருள். அதனால் கேள்வி எல்லாம் சேற்றின் மேற்பரப்பு எவ்வளவு சூடு என்பதில் வந்து நிற்கிறது. ஆற்றங்கரைச் சேறு குளிர்ச்சி, ஆற்று நீரில் உடம்பும் குளிர்ந்திருக்கும், மேல்பரப்பில் நீர் ஆவியாகும்போது இன்னும் கொஞ்சம் சூடு போகும். ஆக, அந்த முதல் காட்சி நம்பக்கூடியதுதான்.

அதற்கப்புறம்தான் சிக்கல். ஐந்து மில்லிமீட்டர் சேற்றில் உடம்புச் சூடு மேலே எட்டிப்பார்க்க ஏறக்குறைய ஒரு நிமிடம் போதும். பிறகு அது மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே இருக்கும். ஓடியாடிப் பொறி அமைக்கும் ஆள் சும்மா இருப்பவரைவிடப் பலமடங்கு சூட்டை வெளியே தள்ளுவார். ஈரப்பதம் நிறைந்த காட்டில் ஆவியாதலும் மந்தம். சேறு காயக் காயப் பாளம் வெடித்து, இடுக்கில் தோல் தெரியும். திறந்த கண்களை எப்படியும் மூட முடியாது. இரவு முழுக்க ஒரே பூச்சில் தப்புவது நடக்காத காரியம். அடிக்கடி புதுச்சேறு அப்பிக்கொண்டே இருக்க வேண்டும்.

கடைசிச் சண்டையில் அவர் தண்ணீரில் விழுந்து சேறு கரைந்ததும் ஜந்து அவரைக் கண்டுபிடித்துவிடுகிறது. பிறகு அது முகமூடியைக் கழற்றும்போது அதன் பார்வை முழுக்க ஒரே சிவப்பாகக் கலங்கி, எதிரில் நிற்பவர் வெறும் நிழலாகத் தெரிகிறார். வெக்கையான காட்டில் கருவியின் துணையில்லாத வெப்பக் கண்ணுக்கு உலகம் ஏறக்குறைய அப்படித்தான் தெரியும். படத்தின் வெப்பப் பார்வைக் காட்சிகளில் நிஜத்துக்கு மிக நெருக்கமானது அந்தக் கலங்கல்தான்.