பன்னிரண்டு டாலர் என்று ஒரு விலை இருந்ததே இல்லை

மாம்பலத்தில் ரயில் ஏறும்போது என் கையில் இருந்த பங்குகளின் மதிப்பு சுமார் இரண்டு லட்சம் ரூபாய். சேத்துப்பட்டு வருவதற்குள் அது ஐம்பதாயிரம் ஆகிவிட்டது. நடுவில் வந்தது கோடம்பாக்கமும் நுங்கம்பாக்கமும்தான்.

ஜூலை மாதம், மாலை நாலரை மணி. பீச் போகிற மின்சார ரயில். நான் வைத்திருந்தவை ஓர் அமெரிக்க பயோடெக் கம்பெனியின் 200 பங்குகள். பெயர் வேண்டாம். கடையில் விற்க ஒரு மாத்திரைகூட இல்லாத, ஆராய்ச்சியில் இருக்கும் ஒரே ஒரு மருந்தை நம்பி ஓடுகிற சின்ன நிறுவனம். அந்த மருந்தின் மூன்றாம் கட்டச் சோதனை முடிவு நியூயார்க் நேரப்படி காலை ஏழுக்கு வெளியானது. முதன்மை இலக்கை மருந்து எட்டவில்லை, அதாவது எதைச் செய்து காட்ட வேண்டுமோ அதைச் செய்யவில்லை என்பதுதான் அறிக்கையின் சாரம். முந்தைய நாள் 12 டாலருக்கு முடிந்த பங்கை 3.10 டாலருக்குக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சந்தை திறக்கவே இன்னும் இரண்டரை மணி நேரம் இருந்தது.

போய்க்கொண்டிருந்தது மண்ணடியில் இருக்கும் சித்தப்பா வீட்டுக்கு. செகண்ட் லைன் பீச்சில் மெட்ராஸ் பங்குச் சந்தை நடந்த காலத்தில் அங்கே ஒரு புரோக்கர் ஆபீசில் வேலை பார்த்தவர். அந்தச் சந்தை 2015-ல் மூடப்பட்டுவிட்டது; சித்தப்பாவுக்குப் பங்கு மேல் இருந்த பிரியம் மூடவில்லை. சிமெண்ட், சர்க்கரை, டயர் என்று கண்ணால் பார்க்கிற சரக்கு செய்யும் கம்பெனிகளோடு பழகியவர். போனை வாங்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “ஏண்டா, நேத்து பன்னெண்டு. இன்னிக்கு மூணு. ஒரே ராத்திரியில முக்கால் கம்பெனியை யார் தூக்கிட்டுப் போனா?”

நல்ல கேள்வி. யாரும் தூக்கிக்கொண்டு போகவில்லை. அந்தப் பன்னிரண்டு என்றுமே அங்கே இருந்ததில்லை. தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்புறத்தில் அவருக்குக் கணக்குப் போட்டுக் காட்டினேன்.

மருந்து தோற்றால் கம்பெனியிடம் மிஞ்சுவது வங்கியில் இருக்கும் ரொக்கம் மட்டும். பங்குக்குச் சுமார் 3 டாலர். ஜெயித்தால், வரப்போகும் விற்பனையை எல்லாம் கணக்கில் வைத்து, பங்குக்குச் சுமார் 30 டாலர் பெறும் என்று சந்தையில் பலர் நினைத்தார்கள். ஆக எதிர்காலம் இரண்டே இரண்டு: 3 அல்லது 30. இன்று விலை 12 என்றால், அது 3-லிருந்து 9 டாலர் மேலே இருக்கிறது. மொத்த இடைவெளி 27. ஒன்பதை இருபத்தேழால் வகுத்தால் மூன்றில் ஒரு பங்கு. அதாவது, மூன்றில் ஒரு வாய்ப்புத்தான் என்று சந்தை அத்தனை நாளும் பச்சையாகச் சொல்லிக்கொண்டிருந்தது. நான்தான் அதைப் ‘பன்னிரண்டு டாலர்’ என்று படித்தேன்.

டயர் கம்பெனிப் பங்கு நூறு ரூபாய் என்றால், நாளை 98, 103 என்று அதன் அக்கம்பக்கத்திலேயே இருக்கும். பயோடெக்கில் இன்றைய விலை இரண்டு ஊர்களுக்கு நடுவே நிற்கும் மைல்கல் மாதிரி. அங்கே வீடு கிடையாது. முடிவு வந்த நாளில் இந்த ஊரிலோ அந்த ஊரிலோ போய்த்தான் நிற்க வேண்டும். அந்தத் தாவலைப் பார்த்துச் சந்தைக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்கிறோம். பள்ளிக்கூட நிகழ்தகவுக் கணக்கு அது, அவ்வளவுதான்.

இந்தக் கணக்கை இன்னொரு படி நீட்டினால் சுவாரசியமான ஒன்று கிடைக்கும். மருந்துச் சோதனைகள் மூன்று கட்டமாக நடக்கும். முதலில் சில பத்துப் பேரிடம், உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதா என்று. பிறகு சில நூறு நோயாளிகளிடம், வேலை செய்கிற அறிகுறி தெரிகிறதா என்று. கடைசியாகப் பல நூறு அல்லது ஆயிரக்கணக்கானோரிடம், உண்மையாகவே வேலை செய்கிறதா என்று. 2011 முதல் 2020 வரையிலான சோதனைகளை எண்ணிப் பார்த்த அமெரிக்கத் தொழில்துறை ஆய்வு ஒன்றின்படி, முதல் கட்டத்தைத் தாண்டியவை சுமார் 52 சதவீதம். இரண்டாம் கட்டத்தைத் தாண்டியவை சுமார் 29. மூன்றாவதைத் தாண்டியவை 58. அதன் பின் அனுமதிக்கு விண்ணப்பித்து வாங்கியவை 90 சதவீதத்துக்குச் சற்று மேல். எல்லாவற்றையும் பெருக்கினால், கிளம்பிய நூறு மருந்தில் கடைக்கு வந்து சேர்வது எட்டு.

29 சதவீத வாய்ப்புள்ள கதவைத் தாண்டினால் மருந்தின் மதிப்பு கிட்டத்தட்ட மூன்றரை மடங்காக வேண்டும். 90 சதவீத வாய்ப்புள்ள கதவைத் தாண்டினால் பத்து சதவீதம் ஏறினாலே அதிகம். அதனால்தான் இரண்டாம் கட்ட முடிவில் பங்கு ராக்கெட் மாதிரி போகிறது. எல்லோரும் ஸ்வீட் எடுத்துக் கொண்டாடுகிற அனுமதி நாளிலோ சில சமயம் அசையாமல் கிடக்கிறது, இறங்கக்கூடச் செய்கிறது. அந்த நல்ல செய்தி ஏற்கெனவே விலைக்குள் உட்கார்ந்திருந்தது.

சரி, இரண்டாம் கட்டத்தில் நன்றாக இருந்த மருந்து மூன்றாவதில் ஏன் இத்தனை முறை கவிழ்கிறது? இந்த இடத்தில்தான் நான் ஏமாந்தேன், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். ஒரு ரூபாய் நாணயத்தைப் பத்து முறை சுண்டுங்கள். ஏழு முறையோ அதற்கு மேலோ தலை விழ 17 சதவீத வாய்ப்பு உண்டு. நாணயத்தில் ஒரு கோளாறும் இல்லாமலே ஆறு பேர் சுண்டினால் ஒருவருக்கு அது நடந்துவிடும். அதே நாணயத்தை ஆயிரம் முறை சுண்டி எழுநூறு தலை விழுவதைப் பல ஜென்மம் எடுத்தாலும் பார்க்க முடியாது. சிறிய சோதனையில் குருட்டு அதிர்ஷ்டத்துக்கு இடம் அதிகம். மாதிரியை நாலு மடங்கு பெரிதாக்கினால்தான் பிழை பாதியாகும். ஆகவே இரண்டாம் கட்டத்தில் தேறிய மருந்துகளில் நிஜமாகவே நல்லவையும் இருக்கும், அன்றைக்கு அதிர்ஷ்டம் அடித்தவையும் இருக்கும். டிக்கெட் எடுத்தவரும் எடுக்காதவரும் ஒரே பெட்டியில்தான் ஏறுகிறார்கள். மூன்றாம் கட்டம் டிக்கெட் பரிசோதகர்.

அந்தப் பரிசோதகர் எவ்வளவு கறாரானவர் என்று உலகத்துக்குக் காட்டிய ஊர்களில் சென்னையும் ஒன்று. என் ரயில் நின்ற அதே சேத்துப்பட்டில்தான் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. 1956-ல் தொடங்கியது. அந்தக் காலத்தில் காசநோய் என்றால் சானடோரியத்தில் படுக்கவைத்து, முட்டையும் பாலும் கொடுத்து, ஓய்வெடுக்கச் செய்வதுதான் வைத்தியம். இங்கே இருந்தவர்கள் இருநூறுக்குச் சற்றுக் குறைவான நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி சானடோரியத்தில். மறு பாதி நெரிசலான தங்கள் வீடுகளிலேயே, வீட்டுச் சாப்பாட்டோடு. மருந்து இருவருக்கும் ஒன்றே. சானடோரியம்தான் ஜெயிக்கும் என்று பந்தயம் கட்டாத டாக்டர் அன்றைக்குக் குறைவு. ஓராண்டு கழித்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே பலன். 1959-ல் வெளியான அந்த முடிவு உலகம் முழுக்கக் காசநோய் வைத்தியத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தது.

எதிர்த்திசையிலும் ஓர் உதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது. 1968-ல் செங்கல்பட்டு மாவட்டத்தில் பி.சி.ஜி. தடுப்பூசிச் சோதனை தொடங்கியது. பங்கேற்றவர்கள் இரண்டரை லட்சத்துக்கும் மேல். ஏழரை ஆண்டுக் கண்காணிப்புக்குப் பிறகு முதல் அறிக்கை வந்தது. (ஏழரை என்ற எண்ணைப் பார்த்ததுமே நம்மவர்கள் உஷாராகியிருக்க வேண்டும்.) பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயைத் தடுப்பூசி தடுத்ததாகத் தெரியவில்லை. குழந்தைகளைத் தாக்கும் கடுமையான வகைகளிலிருந்து காப்பாற்றுவதால் இன்றும் பிறந்த குழந்தைக்குப் போடுகிறார்கள், அது வேறு. அன்றைக்கு பி.சி.ஜி. என்று ஒரு பங்கு செகண்ட் லைன் பீச்சில் விற்றுக்கொண்டிருந்தால், அறிக்கை வந்த காலையில் அதன் கதி என்னவாகியிருக்கும் என்று சித்தப்பாவிடம் கேட்டேன். “கதவைச் சாத்திட்டுக் காபி குடிக்கப் போயிருப்போம்” என்றார்.

நிஜச் சந்தையில் இந்த ஏற்ற இறக்கத்தைப் பார்க்க பயோஜென் கதையை விடச் சிறந்தது இல்லை. அது என் கம்பெனி போலச் சின்னது இல்லை. விற்பனையில் பல மருந்துகள் இருக்கும் பெரிய நிறுவனம். அல்சைமர் நோய்க்கான அதன் அடுகனுமாப் மருந்தை ஒரே மாதிரியான இரண்டு பெரிய சோதனைகளில் வைத்திருந்தார்கள். 2019 மார்ச்சில், இடைக்காலக் கணக்கில் தேறாது என்று தெரிந்ததும் இரண்டையும் நிறுத்தினார்கள். பங்கு ஒரே நாளில் சுமார் 29 சதவீதம் சரிந்தது. அக்டோபரில், கூடுதல் தரவைச் சேர்த்துப் பார்த்தபோது ஒரு சோதனையில் பலன் தெரிகிறது, அனுமதி கேட்கப் போகிறோம் என்றார்கள். சுமார் 26 சதவீதம் ஏற்றம். 2020 நவம்பர் 4-ம் தேதி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் ஆவணம் சாதகமாக இருந்ததைப் பார்த்துச் சுமார் 44 சதவீதம் ஏற்றம். இரண்டு நாள் கழித்து அதே அமைப்பின் ஆலோசனைக் குழு மருந்துக்கு எதிராக நின்றது. அடுத்து சந்தை திறந்தபோது சுமார் 28 சதவீதம் சரிவு. 2021 ஜூன் 7-ல் குழுவின் பேச்சை மீறி அனுமதி வந்தது. சுமார் 38 சதவீதம் ஏற்றம். குழுவில் மூன்று பேர் ராஜினாமா செய்தார்கள். அந்த ஏற்றமும் ஆண்டு முடிவதற்குள் முழுக்கக் கரைந்தது. 2024 ஜனவரியில், இனி இந்த மருந்தே இல்லை என்று கம்பெனி அறிவித்துவிட்டது.

இத்தனை ஆட்டத்திலும் நோயாளியின் மூளைக்குள் அந்த மூலக்கூறு செய்ததோ செய்யாததோ ஒரு துளியும் மாறவில்லை. மாறியதெல்லாம் அது வேலை செய்கிறது என்று எத்தனை பேர் எவ்வளவு நம்பினார்கள் என்பது.

சித்தப்பா விடவில்லை. “ஸ்டாப் லாஸ் போடலையா?” விலை இந்த அளவுக்கு இறங்கினால் விற்றுவிடு என்று முன்கூட்டியே சொல்லிவைக்கும் ஆர்டர் அது. போட்டிருந்தேன், 9 டாலரில். ஆனால் இது படிப்படியாக இறங்கி 9-ஐத் தொட்டுவிட்டுக் கீழே போகிற சரக்கு அல்ல. முதல் நாள் 12-ல் முடிந்து மறுநாள் 3-ல் திறக்கிறது. நடுவில் 9 என்ற விலையே பிறக்கவில்லை. சாதாரண ஸ்டாப் லாஸ் என்றால் திறந்த விலைக்கே, மூன்றுக்கே, விற்றுத் தொலைத்திருக்கும். நான் 9-க்குக் கீழே விற்காதே என்று வரம்பும் வைத்திருந்ததால் விற்கவே இல்லை. நம் ஊர்ச் சந்தையில் பெரும்பாலான பங்குகள் ஒரு நாளைக்கு இத்தனை சதவீதம்தான் ஏறலாம், இறங்கலாம் என்று சர்க்யூட் உண்டு, உச்சம் 20. அமெரிக்காவில் அப்படிப் பிடித்து நிறுத்த ஆளில்லை. சில நிமிட இடைநிறுத்தம் மட்டும்தான். இறங்கும் பக்கத்து வரம்பான லோயர் சர்க்யூட்டும் ஒன்றும் கருணை இல்லை என்று வையுங்கள். வாங்க ஆளில்லாமல் நாலு நாள் தொங்கவிட்டு, அதே பள்ளத்தில்தான் இறக்கும்.

இன்னொரு ஓட்டை, ஏறும்போதும் விழுவது. வருமானமே இல்லாத கம்பெனி ஆய்வகச் செலவுக்கும் சம்பளத்துக்கும் எங்கே போகும்? புதுப் பங்கு அச்சடித்து விற்கும். எப்போது? விலை ஏறிய மறுநிமிடம். என் கம்பெனியின் இரண்டாம் கட்ட முடிவு வந்த அன்று பங்கு 7 டாலரிலிருந்து 15-க்குப் போனது. அன்று ராத்திரியே 12 டாலருக்குப் புது வெளியீடு அறிவித்தார்கள். சந்தை விலையும் அங்கே இறங்கி உட்கார்ந்தது. ‘மலிவாகக் கிடைக்கிறது’ என்று நான் வாங்கியது அப்போதுதான். பதினைந்திலிருந்து குறைந்ததைப் பார்த்தேன். பங்குகளின் எண்ணிக்கை கூடியதைப் பார்க்கவில்லை.

ஆபீஸ் நண்பர் ஒருவர் “மூணு ரூபாய்க்கு ஆவரேஜ் பண்ணிடு” என்றார் (டாலரை அவர் ரூபாய் என்றே சொல்வார்). இறங்கிய விலையில் இன்னும் வாங்கி, சராசரி விலையைக் குறைத்துக்கொள் என்று அர்த்தம். முக்கால்வாசி இறங்கிய விலை பழைய இடத்துக்கு வர அதே சதவீதம் ஏறினால் போதாது, நாலு மடங்காக வேண்டும் என்பது அந்நேரம் யாருக்கும் ஞாபகம் வராது. நல்லவேளை, கையில் காசில்லை.

அதற்குப் பிறகு கம்பெனி இன்னொரு மருந்தைக் கையில் எடுத்தது. ரொக்கம் கரையக் கரைய விலையும் கரைந்து 60 சென்டுக்கு வந்தது. அது விற்கப்படும் அமெரிக்கப் பங்குச் சந்தையான நாஸ்டாக்கில் பங்கு 30 வேலை நாள் தொடர்ந்து ஒரு டாலருக்குக் கீழே கிடந்தால் நோட்டீஸ் வரும். தவணைக்குள் ஏறாவிட்டால் வெளியேற்றுவார்கள். அதிலிருந்து தப்பக் கம்பெனிகள் ஒரு வழி வைத்திருக்கின்றன: இருபது பழைய பங்கை ஒரு புதுப் பங்காகச் சேர்த்துவிடுவது. ஒரு நாள் காலையில் ஆப்பைத் திறந்தேன். எதிரே பச்சையாக நின்றது 12 டாலர்.

மண்ணடிக்கு போன் போட்டேன். “சித்தப்பா, வாங்கின விலைக்கு வந்துருச்சு.”

“அடி சக்கை. எத்தனை பங்குடா வச்சிருக்க?”

“பத்து.”

அந்தப் பக்கம் ரொம்ப நேரம் சிரிப்புச் சத்தம் கேட்டது. அடங்கியதும், புது மருந்தின் இரண்டாம் கட்ட முடிவு எப்போது வருகிறது என்று விசாரித்தார்.