தூரத்தில் கேமரா, கைக்கெட்டும் சாமுராய்

ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவாவின் 'யோஜிம்போ' (1961) படத்தில், எஜமானன் இல்லாத சாமுராய் ஒருவன் புழுதி பறக்கும் சிற்றூர் ஒன்றுக்குள் வருகிறான். தோஷிரோ மிஃபுனே நடித்த பாத்திரம். அகலமான தெருவின் இரு பக்கமும் இரண்டு ரவுடிக் கும்பல்கள். நடுவில் இருக்கும் வெற்றிடத்தில்தான் கதையே நடக்கிறது. அந்த இடைவெளியைத் திரையில் சுருக்கிக் காட்ட குரோசாவாவும் ஒளிப்பதிவாளர் கசுவோ மியாகாவாவும், தொலைவில் இருப்பதைப் பெரிதாக்கிக் காட்டும் டெலிஃபோட்டோ லென்ஸை நிறையப் பயன்படுத்தினார்கள்.

டெலிஃபோட்டோ போட்டால் காட்சி தட்டையாகிவிடும், அதாவது முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் ஒட்டி நிற்பதுபோல் தெரியும் என்பார்கள். உண்மையில் தட்டையாக்குவது லென்ஸ் இல்லை, கேமரா நிற்கும் தூரம்.

ஒரே உயரமுள்ள இருவர் ஒருவருக்குப் பின் ஒருவராக, 10 மீட்டர் இடைவெளியில் நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முன்னவரிடமிருந்து 3 மீட்டரில் கேமராவை வைத்தால், பின்னவர் 13 மீட்டரில் இருப்பார். தூரம் கூடக்கூட உருவம் அதே விகிதத்தில் சிறுத்துப்போகும். ஆகவே முன்னவர் 4 மடங்குக்கும் மேல் பெரிதாகத் தெரிவார். கேமராவை 30 மீட்டருக்குத் தள்ளிப் போடுங்கள். இப்போது தூரங்கள் 30, 40. வித்தியாசம் வெறும் 1.3 மடங்கு. இருவரும் அருகருகே நிற்பதுபோல் தெரிவார்கள். செல்ஃபியில் மூக்கு பெருத்துத் தெரிவதும் கை நீளத்தில் இருந்து எடுப்பதால்தான்.

சரி, லென்ஸின் வேலை என்ன? 30 மீட்டரில் இருந்து பார்த்தால் ஆட்கள் சின்னதாகத்தானே தெரிவார்கள். நீண்ட குவியத் தூரம் கொண்ட டெலிஃபோட்டோ லென்ஸ், காட்சியின் நடுப்பகுதியை மட்டும் எடுத்துப் பெரிதாக்குகிறது. அதே இடத்தில் நின்று சாதாரண லென்ஸில் எடுத்து, நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்கினாலும் உருவங்களின் விகிதம் மாறாது, படம்தான் சொரசொரப்பாகும்.

நடை விஷயத்தில் இது இன்னும் அழகு. கேமராவை நோக்கி ஒருவர் ஒரு மீட்டர் நடக்கிறார். 3 மீட்டரில் இருந்து 2 மீட்டருக்கு வந்தால் ஒன்றரை மடங்கு பெரிதாகிவிடுவார். 30 மீட்டரில் இருந்து 29க்கு வந்தால் 3 சதவீதத்துக்குச் சற்று மேல்தான் கூடும். நடந்துகொண்டே இருக்கிறார், ஆனால் நெருங்கவே இல்லை! இறுதி மோதலில் எதிரி உனோசுகேவின் கையில் துப்பாக்கி, சாமுராயிடம் வாள். எத்தனை அடி மிச்சம் என்பதுதான் அங்கே உயிர்ப் பிரச்சினை. தூரத்துக் கேமராவோ அந்த அடிகளைக் கண்ணால் அளக்க விடாது. இயற்பியலைக் கதையாக மாற்றிய குரோசாவாவின் மேதைமையை நான் இதில்தான் காண்கிறேன்.

நடிகர்களுக்கும் இதில் லாபம். 'செவன் சாமுராய்' (1954) படத்தின் மழைச் சண்டையில் குரோசாவா ஒரே நேரத்தில் பல கேமராக்களை ஓடவிட்டார். அவை தள்ளி நின்றால் நடிகர் அவற்றை மறந்து நடிக்க முடியும்.

ஆனால் இதற்கு விலை உண்டு. முதலில் சொன்ன இருவரில் முன்னவர்மீது ஃபோகஸ் வைத்து, 3 மீட்டரில் தெரிந்த அதே அளவில் அவர் திரையில் தெரியும்படி 30 மீட்டரில் இருந்து எடுத்தால், பின்னவரின் மங்கல் 3 மடங்குக்கு மேல் பெருகும். அதைப் பழைய அளவுக்குக் கொண்டுவர லென்ஸின் துளையைச் சுருக்க வேண்டும்; அப்போது சுமார் 10 மடங்கு வெளிச்சம் தேவைப்படும். பகலில் வெயில் கைகொடுக்கும். இரவுக் காட்சி என்றால் அத்தனை வெளிச்சத்தையும் விளக்குகளால்தான் கொடுத்தாக வேண்டும்.